சீமாட்டிக்குப் போட்ட வழி

வீட்டில் எல்லாரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தொன்று. இருபது வருஷம் தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். தைத்து வருகிற சட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, எங்கே தையல் விட்டிருக்கிறது, எந்தப் பொத்தான் தளர்ந்திருக்கிறது என்று பார்த்து, கழிக்க வேண்டியதைக் கழித்துப்போடுவது அவள் வேலை. மின்சாரம் போய்விட்டால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். இவள் அந்த இருட்டிலும் விரல் நுனியால் சட்டையைத் தடவி, "இடது அக்குள்ல மூணு தையல் விட்டிருக்கு" என்பாள். விளக்கு வந்ததும் பார்த்தால் மூன்று தையல்தான் விட்டிருக்கும்.

அந்தத் தொழிற்சாலையை ஒரு நாள் மூடிவிட்டார்கள். இரண்டு பெட்டியும் ஒரு குடையுமாக அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அண்ணன் பேருந்து ஓட்டுநர். காலையில் வண்டி எடுத்தால் பொழுது சாயும் நேரத்துக்குத்தான் வீடு. வீட்டைச் சுற்றி இருந்த நிலத்தை அண்ணி ஒருத்தியே பார்த்துக்கொண்டாள். மூன்று பசுக்கள், ஐம்பது சொச்சம் கோழிகள், கீரை, கத்தரி, தக்காளி, வேலியோரம் கொஞ்சம் வாழை. அண்ணிக்கும் பாப்பாவுக்கும் ஒரே வயது. சண்டை கிடையாது. ஆனால் ஒட்டுதலும் கிடையாது. பாப்பா தான் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தால், "வை, வை, நான் பாத்துக்கறேன்" என்று அண்ணி வாங்கிக்கொள்வாள். விருந்தாளியிடம் பேசுகிற குரல் அது. ஒரு வாரம் அப்படிக் கேட்டால் சுகமாக இருக்கும். ஒரு வருஷம் கேட்டால் தொண்டையில் சோறு இறங்காது.

"ஏதாவது வேலை சொல்லுங்க அண்ணி" என்று கேட்டுக்கேட்டுத்தான் கோழிகளை வாங்கிக்கொண்டாள்.

"மாட்டுப் பக்கம் மட்டும் வராத. மிதிச்சுடும்" என்றாள் அண்ணி.

சட்டையைப் பார்த்த கண்ணால் கோழியைப் பார்த்தாள் பாப்பா. எந்தக் கோழி முட்டையை உடைத்துக் குடிக்கிறது, எது இரண்டு நாளாகத் தீவனத்தை முகர்ந்துவிட்டு மட்டும் போகிறது என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. கூண்டின் தரையில் உமியை மாற்றி மாற்றிப் போட்டு ஈரமில்லாமல் வைத்தாள். வீம்பு பிடித்த ஒரு சேவல் இருந்தது. கழுத்தைத் தூக்கிக்கொண்டு கூண்டுக்குக் கூண்டு எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்தாள். கோழிகள் அவளைத் தேடி ஓடி வந்தன. அந்த வீட்டில் அவளைத் தேடி வந்த முதல் உயிர்கள் அவைதாம்.

மாடுகளில் மூத்தவள் சீமாட்டி. பேர் வைத்தது அண்ணி. செவலை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைத் தீற்றல். தொட்டித் தண்ணீரில் ஒரு வைக்கோல் துணுக்கு மிதந்தாலும் வாய் வைக்க மாட்டாள். மற்ற இரண்டும் அவளுக்கு வழிவிட்டுத்தான் நிற்கும். கன்றாக இருந்தபோது தாய் செத்துப்போக, அண்ணி புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள். அண்ணி பேசினால் காதைத் திருப்புவாள். வேறு யார் பேசினாலும் வாலைத்தான் ஆட்டுவாள்.

அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாளில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் கண்ணில் நீர் வடிவது நிற்கவில்லை. கருவிழி மேல் முதலில் புகை படிந்த மாதிரி இருந்தது. பிறகு பாலாடை போல வெளுத்தது. மாட்டு டாக்டர் மூன்று வாரம் வந்து மருந்து போட்டார். கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றி வைத்திருப்பவர், கடைசி நாள் அதைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"ரெண்டு கண்ணும் போயிடுச்சும்மா. இனி வராது. மத்தபடி உடம்பு கல்லு மாதிரி இருக்கு. வயித்துல நாலு மாசக் கன்னு, அதுவும் நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு, கட்டிப்போட்டே வெச்சிடாதீங்க. நடக்கணும். நடக்கலேன்னா கால் போயிடும், கன்னு போடறதும் கஷ்டம்."

நடக்கணும் என்று அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நடக்க வைப்பது யார்?

தொழுவத்திலிருந்து மேய்ச்சல் துண்டுக்கு நூற்று நாற்பது தப்படி. கோழிக்கூண்டை ஒட்டி நேராகப் போய், மோட்டார் கொட்டகை அருகே வலதுபுறம் திரும்பி, வாய்க்கால் மேல் போட்ட பலகைப் பாலத்தைக் கடந்து, சாலையோர வேலியை ஒட்டிப் போக வேண்டும். கண் தெரிந்தபோது சீமாட்டி இந்த வழியில்தான் முன்னால் நடப்பாள், மற்ற இரண்டும் பின்னால். இப்போது அண்ணி கயிற்றைப் பிடித்து இழுக்க, அவள் ஒவ்வொரு அடிக்கும் நின்றாள். காலைத் தூக்கி, காற்றில் துழாவி, திரும்ப அதே இடத்தில் வைத்தாள். பாலத்துப் பலகையில் குளம்பு பட்டு 'டொம்' என்று சத்தம் கேட்டதும் பின்வாங்கிப் பக்கவாட்டில் சரிந்து வாய்க்காலுக்குள் விழுந்தாள். இடுப்பளவு சேறு. வெளியே ஏற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து தொழுவத்து வாசலைத் தாண்ட மறுத்துவிட்டாள். பால் பாதியாகக் குறைந்தது.

அண்ணன் கெட்டவன் இல்லை. கணக்காகப் பேசுகிறவன்.

"இங்க பாரு" என்றான் மனைவியிடம். "காலைல ஒரு மாட்ட நகர்த்த ஒரு மணி நேரம். சாயங்காலம் திருப்பிக் கொண்டு வர ஒரு மணி நேரம். ஒரு மாட்டுக்கு ஒரு ஆளா? உனக்கு இடுப்பு வலி வேற. மாட்டுத் தரகர்கிட்ட சொல்லி வெக்கறேன். நல்ல இடமா பாத்துக் குடுக்கச் சொல்றேன்."

"குருட்டு மாட்ட வாங்கறவன் எதுக்கு வாங்குவான்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அண்ணி.

அண்ணன் எழுந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு, "மழை பிடிக்கிறதுக்குள்ள ஒரு முடிவு பண்ணிடணும். சேத்துல உன்னால இழுக்க முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். மழைக்கு இரண்டரை மாதம் இருந்தது.

அன்று தீவனம் எடுக்கப் போன பாப்பா, புல் நறுக்குகிற இயந்திரத்தின் பக்கத்தில் அண்ணி நிற்பதைப் பார்த்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே புல் இல்லை. அழுகிற சத்தம் கேட்கக் கூடாது என்று வெறுமனே ஓடவிட்டிருந்தாள்.

பாப்பா வந்த சுவடு தெரியாமல் திரும்பினாள். கோழிக்கூண்டுக்குப் போகவில்லை. தொழுவத்து வாசலில் போய் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

பத்தாவது அடியில் கோழிகளின் தண்ணீர்ப் பாத்திரத்தில் கால் இடறி விழுந்தாள். முழங்காலில் தோல் உரிந்தது. எழுந்து மறுபடி நடந்தாள். கோழிக்கூண்டின் வாடை இடது பக்கம் வந்து போனது. அப்புறம் ஒன்றும் இல்லை. வெட்டவெளி. எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான். திரும்ப வேண்டிய இடம் எது என்று தெரியவில்லை. அடுத்த அடி வைக்காமல் அங்கேயே நின்றாள். சத்தம் இல்லாத, வாடை இல்லாத, காலுக்கு அடையாளம் இல்லாத இடத்தில் சீமாட்டி ஏன் நிற்கிறாள் என்பது அப்போது விளங்கியது.

"என்ன பாப்பா, கண்ணாமூச்சியா?" என்று குரல் கேட்டது. அண்ணி.

பாப்பா துண்டை அவிழ்க்காமலே சொன்னாள். "அண்ணி, கண்ணு இல்லாட்டி என்ன? மூக்கு இருக்கு, காது இருக்கு, காலு இருக்கு. இந்த வழியில அதுக்கெல்லாம் ஒரு வேலையும் இல்ல. நாம வேலை குடுப்போம்."

"என்ன வேலை?"

"தடவிப் பாத்துத் தெரிஞ்சுக்கற மாதிரி ஒரு வழி போடுவோம்."

அண்ணி கிட்டே வந்து அவள் கண்ணிலிருந்த துண்டை அவிழ்த்தாள். பிறகு முழங்காலைப் பார்த்து, "ரத்தம் வருது. முதல்ல வா, மருந்து போடறேன்" என்றாள். விருந்தாளிக் குரல் இல்லை அது. உரிமையோடு வைகிற குரல். பாப்பாவுக்கு அது இனித்தது.

மறுநாளே வேலை தொடங்கியது. மாட்டின் இடது விலா உரசுகிற மாதிரி வழி நெடுக ஏதாவது வாசனைச் செடி வைப்பது முதல் யோசனை. எலுமிச்சைப் புல் நல்ல வாசனை, உயரமாகவும் வளரும் என்று, பக்கத்துத் தோட்டத்தில் பத்து தூர் வாங்கி வந்து முதல் இருபது தப்படிக்கு நட்டார்கள். அது பிடித்து வளர்ந்ததும் சீமாட்டியை வெளியே கொண்டுவந்தாள் அண்ணி. சீமாட்டி மூக்கை நீட்டினாள். முகர்ந்தாள். முதல் தூரை அடியோடு பிடுங்கி நிதானமாக மென்றாள். பிறகு இரண்டாவது. அப்படியே தின்றுகொண்டே இருபது தப்படியும் நடந்தாள்.

"வழிய காட்டச் சொன்னா வழியையே தின்னுட்டா" என்று பாப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நடந்தாளா இல்லையா, அத சொல்லு. ஒரு மாசம் கழிச்சு இருபதடி நடந்திருக்கா."

அடுத்தது கற்பூரவல்லி. தடித்த இலை, லேசாகப் பட்டாலே வாசனை தூக்கும், மாடு வாய் வைக்காது. கிளையை ஒடித்து நட்டால் போதும், வேர் விட்டுவிடும். கோழிகளுக்குச் சளி பிடித்தால் கொடுக்கலாம் என்று கூண்டுக்குப் பின்னால் பாப்பா ஒரு பாத்தி நிறைய வளர்த்திருந்தாள். அதை ஒடித்து ஒடித்து வழி முழுக்க நட்டார்கள். வாசனை மாட்டின் மூக்குக்கு எட்டட்டும் என்று மண்ணை அணைத்து முழங்கால் உயரத்துக்கு வரப்பு எடுத்து, அதன் மேல் நட்டார்கள். நட்ட அன்றே கோழிகள் வந்து கிளறிப் பாதியைத் தூக்கிப் போட்டன. இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று மேற்பார்வை பார்த்தது.

"உன் ஆளுங்கதான்" என்றாள் அண்ணி.

"நானே பேசிக்கறேன்" என்று சொல்லிப் பழைய வலையை எடுத்து வரப்பு நெடுக அடித்தாள் பாப்பா. நூற்று நாற்பது தப்படிக்கும் கிளை நட்டு முடிக்க ஒன்பது நாள். விரலிடுக்கில் மண் போகாமல் நின்றுவிட்டது. முதுகை நிமிர்த்தினால் கட கட என்றது. தொழிற்சாலையில் நாளுக்கு எண்ணூறு சட்டை பார்த்தபோதும் அவள் இப்படிக் களைத்ததில்லை. இப்படித் தூங்கியதும் இல்லை.

மோட்டார் கொட்டகைத் திருப்பத்தில் நாலு தப்படி நீளத்துக்குச் சரளைக் கல் கொட்டினார்கள். காலில் கல் பட்டால் திரும்பு என்று அர்த்தம், போகும்போது வலது பக்கம், வரும்போது இடது பக்கம். இதைச் சீமாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தது அண்ணி. கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, கல் நறநறக்கும்போது மட்டும், "திரும்பும்மா... திரும்பும்மா..." என்பாள். வேறு எங்கும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டாள். முதல் வாரம் சீமாட்டி திருப்பத்தில் மலைத்து நின்றாள். இரண்டாம் வாரம், அண்ணி வாய் திறப்பதற்குள் தலை வலது பக்கம் போனது. அன்று அண்ணி சமையல்கட்டுக்கு ஓடி வந்து, மாவுக் கையோடு இருந்த பாப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மறுபடி நடத்திக் காட்டினாள்.

பாலம்தான் பெரிய தலைவலியாக இருந்தது. பலகை எழுப்புகிற சத்தத்தைக் கொல்ல வேண்டும் என்று, மண் நிரப்பிய சாக்குகளை அடுக்கி, மேலே ஈரமண்ணும் வைக்கோலும் போட்டு மிதித்து இறுக்கினார்கள். இரண்டு பக்கமும் மூங்கில் கட்டினார்கள். அண்ணி குதித்துப் பார்த்தாள். சத்தம் இல்லை. ஆனாலும் சீமாட்டி பாலத்துக்கு முன்னால் வந்ததும் நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டாள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஒன்பது நாள். கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்கிறது. விழுந்ததை மறக்கவில்லை. அண்ணி கெஞ்சினாள், தட்டிக்கொடுத்தாள், வெல்லம் நீட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"அவர் சொன்னதுதான் சரியோ" என்றாள் அண்ணி ஒன்பதாம் நாள். "நாமதான் வீம்புக்குப் போட்டு இந்த வாயில்லா ஜீவனப் படுத்தறோமோ?"

பாப்பா குனிந்து பாலத்து மண்ணைக் கையால் தடவிப் பார்த்தாள். கழித்துப்போட வேண்டிய சட்டை எது, ஒரு தையல் போட்டால் சரியாகிவிடுகிற சட்டை எது என்று அவளுக்குத் தெரியும். இது ஒரு தையல்தான். எந்த இடத்தில் என்றுதான் பிடிபடவில்லை.

பத்தாம் நாள் காலை கோழிகளைத் திறந்துவிடத் தாமதமாகிவிட்டது. சீமாட்டி பாலத்தடியில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் பாப்பா கதவைத் திறந்தாள். பசியோடு இருந்த கோழிகள் கூச்சல் போட்டுக்கொண்டு அவள் காலைச் சுற்றின. தீவனக் கூடை கையில் இருந்தது. என்ன நினைத்தாளோ, கூண்டு வாசலில் போடாமல், நேராகப் பாலத்துக்குப் போய், மாட்டைத் தாண்டி நடந்து, பாலத்தின் மேலும் அக்கரையிலும் ஒரு பிடி ஒரு பிடியாகத் தூவினாள். ஐம்பது கோழியும் மாட்டின் காலுக்கு நடுவே புகுந்து பாலத்தின் மேல் ஏறின. கொக்கரிப்பும், கொத்துகிற சத்தமும், சிறகடிப்புமாகப் பாலம் முழுக்க ஒரே சந்தைக்கடை. தண்ணீர்ச் சத்தம் அதில் அமுங்கிப் போனது.

சீமாட்டியின் காது இரண்டும் முன்னால் வந்தன. வருஷக்கணக்காகக் கேட்ட சத்தம். கோழி நிற்கிற இடத்தில் தரை உண்டு என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலைத் தூக்கினாள். வைத்தாள். மெத்தென்ற மண். இன்னொரு கால். ஒரு கோழி கிறீச்சிட்டு விலகியது. பாலம் தாண்டி, அக்கரையில் கற்பூரவல்லி இலை விலாவில் பட்டதும், பெரிதாக ஒரு மூச்சு விட்டாள்.

அண்ணியின் கையிலிருந்து கயிறு நழுவிக் கிடந்தது. "பாப்பா, நான் பிடிக்கவே இல்ல" என்றாள். "நான் பிடிக்கவே இல்லடி!"

அதன்பின் இரண்டு வாரம் கோழிகள் முன்னால் போயின. பிறகு கோழி இல்லாமலும் போனாள். கயிற்றைச் சுருட்டித் தொழுவத்து ஆணியில் மாட்டினாள் அண்ணி. பால் மெல்ல மெல்லப் பழைய அளவுக்கு ஏறியது. இதெல்லாம் அண்ணன் வேலைக்குப் போய், அவன் பேருந்தும் அந்தச் சாலையைத் தாண்டிப் போன பிறகுதான் நடந்தது. செடி நட்டது, கல் கொட்டியது எல்லாம் அவனுக்குத் தெரியும். "நல்லா பொழுது போகுது ரெண்டு பேருக்கும்" என்று சிரித்துவிட்டுப் போவான். மாடு தானாக நடப்பதை அவர்கள் சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டான், பார்க்கட்டும் என்று இருந்துவிட்டார்கள்.

அடிவானம் கறுக்கத் தொடங்கிய ஒரு காலை, எட்டு மணி வாக்கில், வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. மாட்டுத் தரகர். தலைப்பாகையை அவிழ்த்து உதறிக்கொண்டே, "ஓட்டுநர் வரச் சொல்லியிருந்தாரு. ஏதோ கண்ணு தெரியாத பசு இருக்காமே" என்றார்.

அண்ணியின் முகம் செத்துப்போனது. அன்று சொன்னதை அவளிடம் மறுபடி கேட்காமலே அண்ணன் செய்திருக்கிறான். தொழுவத்துக் கதவை மறித்து நின்றாள்.

பாப்பா முன்னால் வந்தாள். "நில்லுங்க. இன்னிக்கு மாட்டக் கொஞ்சம் முன்னாடியே மேய விடறோம். இப்படி வேலியோரமா நின்னு பாருங்க" என்றாள்.

தொழுவத்துக் கதவைத் திறந்தார்கள். சீமாட்டி முதலில் வெளியே வந்தாள். மூக்கை ஒரு தடவை காற்றில் நீட்டினாள். இடது விலாவில் கற்பூரவல்லி உரச, தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். மற்ற இரண்டும் அவளுக்குப் பின்னால் வரிசையில் வந்தன. சரளைக் கல் நறநறத்தது. அவள் திரும்பினாள், அவையும் திரும்பின. பாலத்தை ஏறி இறங்கினாள். மனிதர் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வேகம் எங்கேயும் குறையவில்லை.

தரகர் மூன்று மாடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருஷமாக மாடு பார்க்கிறவர்.

"எல்லாம் சரி" என்றார். "இதுல குருட்டு மாடு எது?"

அண்ணி கையை நீட்டிக் காட்டினாள். "முன்னால போறவ."

தரகர் வேலியைத் தாண்டிக் குதிக்காத குறையாக ஓடினார். சீமாட்டியின் முகத்துக்கு நேரே கையை வீசிப் பார்த்தார். வெளுத்துக் கிடந்த கண்களைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது தலைப்பாகையைக் கையில் பிடித்திருந்தார். "அம்மா, எனக்கு இத வாங்க மனசு வரல. நீங்க விக்கவும் கூடாது" என்றார்.

"விக்கறதா யாரு சொன்னா?" என்றாள் பாப்பா.

அந்த நேரம் சாலையில் பேருந்து வந்தது. அண்ணன் வண்டிதான். தினமும் எட்டே காலுக்கு அவன் இந்த வேலியைத் தாண்டிப் போவான். வழக்கமாக ஒரு தடவை ஒலியெழுப்பிவிட்டுப் போய்விடுவான். அன்று தூரத்திலேயே அவன் கண்ணில் பட்டது, வேலியோரம் கயிறில்லாமல், யாரும் பிடிக்காமல் முன்னால் நடந்து வந்துகொண்டிருந்த சீமாட்டி. அவளுக்குப் பின்னால் மற்ற இரண்டு மாடுகள். கொஞ்சம் எட்டி, தரகர், அண்ணி, பாப்பா. வண்டி மெதுவானது. இன்னும் மெதுவானது. நிறுத்தமே இல்லாத இடத்தில் நின்றுவிட்டது.

நடத்துநர் விசிலை ஊதினார். "என்னண்ணே, டயரா?"

"சும்மா இருய்யா" என்றான் அண்ணன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, சீமாட்டி மேய்ச்சல் துண்டின் வாசல்வரை போய், உள்ளே நுழைந்து, தலையைக் குனிந்து புல்லில் வாய் வைக்கிறவரை பார்த்தான். பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். "என்னங்க அங்க? மாடுதானே?" என்று யாரோ கேட்டார்கள்.

அண்ணன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்தான். பேருந்து முழுக்கக் கேட்கிற மாதிரி, வெளியே நின்ற இரண்டு பெண்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"எங்க வீட்டு மாடுங்க. ரெண்டு கண்ணும் தெரியாது. தன்னந்தனியா போறா பாருங்க. நடக்கக் கத்துக்குடுத்தது என் சம்சாரம். அந்த வழி போட்டது என் தங்கச்சி. நான் ஒரு துரும்பக் கூட எடுத்துப் போடல. விக்கணும்னு சொன்னவன் நான்."

பின் இருக்கையில் ஒரு பெரியவர் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். நடத்துநர் கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தட்டினார். சீமாட்டி சத்தம் வந்த பக்கம் ஒரு காதை மட்டும் திருப்பினாள். அப்புறம் மேய்ந்தாள்.

பாப்பா நின்ற இடத்திலேயே நின்றாள். இருபது வருஷத்தில் எத்தனையோ லட்சம் சட்டை அவள் கையைத் தாண்டிப் போயிருக்கிறது. எந்தச் சட்டையிலும் அவள் பேர் இல்லை. இப்போது முகம் தெரியாத நாற்பது பேர் சன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அண்ணி அந்தக் கையை எடுத்துத் தன் கையில் கோத்துக்கொண்டாள். "நேரா நில்லு. பாக்கட்டும்" என்றாள்.

அன்று வண்டி ஏழு நிமிஷம் தாமதம். மேலதிகாரி விளக்கம் கேட்டதற்கு, 'வழியில் மாடு கடந்தது' என்று அண்ணன் எழுதிக் கொடுத்தான்.

செய்தி எப்படியோ பரவியது. மாட்டு டாக்டர் வந்தார். வழி முழுக்க நடந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு சரளையைக் குனிந்து பார்த்தார். பாலத்தை மிதித்துப் பார்த்தார். "யாரு சொல்லிக் குடுத்தது உங்களுக்கு?" என்று கேட்டார். "யாரும் இல்ல சார். கண்ணக் கட்டிக்கிட்டு நடந்து பாத்தேன்" என்றாள் பாப்பா. அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வழியை வரைந்துகொண்டார். பத்து நாள் கழித்து, கண் போன ஆடு ஒன்று வைத்திருக்கிற ஒரு தம்பதியை அனுப்பிவைத்தார். பாப்பா அவர்கள் வீட்டுக்கே போய், இரண்டு நாள் தங்கி, வழி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். ஆடு கற்பூரவல்லியைத் தின்னுமோ என்று அவளுக்குப் பயம்தான். ஆடாயிற்றே. இரண்டு இலையைக் கடித்துவிட்டுத் துப்பிவிட்டது.

மழை வந்தது. வழி சேறாகாமல் இருக்க அண்ணன் தன் விடுமுறை நாளில் தானே மண்வெட்டி எடுத்து இரண்டு பக்கமும் வடிகால் வெட்டினான். கை கொப்புளித்துப் போனதைச் சாப்பாட்டு நேரத்தில் நாலு தடவை காட்டினான்.

மழை விட்ட ஒரு காலை, பால் கறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சீமாட்டி கன்று போட்டாள். டாக்டருக்கு ஆள் அனுப்பத் தேவையே இருக்கவில்லை. அண்ணி முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள், பாப்பா பின்னால் நின்று கன்றைத் தாங்கி வாங்கினாள். பெண் கன்று. தாயைப் போலவே செவலை. சீமாட்டி நக்கி நக்கி அதன் காது, கண், கழுத்து, வால் என்று எல்லாவற்றையும் நாக்காலேயே பார்த்து முடித்தாள்.

இரண்டு வாரத்தில் கன்று தாயோடு மேய்ச்சலுக்குக் கிளம்பியது. சீமாட்டி தன் வழியில் நிமிர்ந்து நடந்தாள். கன்றோ வரப்பில் ஏறிக் குதித்தது, கற்பூரவல்லியை மிதித்தது, சரளைக் கல்லைச் சிதறடித்தது, இன்ஸ்பெக்டரைத் துரத்தியது, பாலத்தில் போகாமல் வாய்க்காலைத் தாண்டிப் பார்த்து மூக்கில் சேறோடு எழுந்தது.

"பாரேன் இத!" என்றாள் பாப்பா. "அம்மாவுக்கு இருக்கற ஒழுங்குல கால்வாசி இருக்கா?"

"எப்படி இருக்கும்? ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுதில்ல, அந்தத் திமிரு" என்றாள் அண்ணி.

பாப்பா சிரித்துக்கொண்டே, மிதிபட்டுக் கிடந்த கிளைகளைப் பொறுக்கி, நுனியைக் கிள்ளிவிட்டு, ஈரமண்ணில் விரலால் குழி பறித்து ஒவ்வொன்றாக ஊன்றினாள். அண்ணன் சீருடையோடு தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"மெதுவா ஊத்துண்ணே, வேர் ஆடிடப் போகுது" என்றாள்.

"சரிங்க மேஸ்திரி" என்று சொல்லி, அவன் மெதுவாக ஊற்றினான்.